லாரிகள் நிற்கும் இடத்தில் ஓர் இலுப்பை

வெட்கக்கேடான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன பங்குனியில், என் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணெதிரே, நடுத்தெருவில் குனிந்து, தரையில் கிடந்த ஒரு பூவைப் பொறுக்கி, உஃப் என்று ஊதி, வாயில் போட்டுக்கொண்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு எல்லாருமாக நடந்து வந்துகொண்டிருந்தோம். பஜ்ஜி, காப்பி, பாட்டு எல்லாம் முடிந்து, இரண்டு தரப்பும் மிக நல்ல மனுஷர்களாக நடித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு மதில் சுவருக்கு மேலே இலுப்பைக் கிளை நீட்டிக்கொண்டிருந்தது. கீழே பூ கொட்டிக் கிடந்தது. அந்த வாசனை உனக்குத் தெரியும், வெல்லப் பானைக்குள் எலி குடித்தனம் செய்த மாதிரி. கை தானாகக் கீழே போய்விட்டது. பையனின் அம்மா என் மனைவியை ஓரமாக அழைத்து, சம்பந்திக்குச் சுகர் கிகர் ஏதாவது உண்டா என்று விசாரித்தாராம். அதெல்லாம் இல்லை, அவருக்கு அப்பப்ப இப்படித்தான் வரும் என்று சொல்லி, என் மானத்தைக் காப்பாற்றியதாக அவள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். இன்னும் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

பூ இனித்தது. உன் ஞாபகம் வந்தது. வந்து பக்கத்தில் நின்றது, அவ்வளவுதான். அழுகை வருமோ என்று ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் ஊசி போடுவார்களே, அதற்கப்புறம் டாக்டர் தட்டிக் கேட்பாரே, இங்கே தெரியுதா, இங்கே தெரியுதா என்று. எனக்கு அப்படித்தான் இருக்கிறது, நீ போன நாளிலிருந்து.

நீ போனபோது என் பெண் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். அதை வைத்து எத்தனை வருஷம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். நான் இன்னும் அதே பட்டுக்கடையில்தான் புடவையை விரித்து, மடித்து, மறுபடி விரித்துக்கொண்டிருக்கிறேன். திருவிழாக் காலங்களில் பட்டிமன்ற மேடையில் கடைசி ஆளாக ஏறிச் சிரிக்க வைக்கிற வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம் இரண்டு பேரும். நீ தண்ணீர் லாரி ஓட்டப் போனாய், நான் பட்டுக்கடையில் நிற்கப் போனேன். நீ என்னை ‘பட்டு’ என்று கூப்பிட்டாய், நான் உன்னை ‘லாரி’ என்று கூப்பிட்டேன். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தன.

உன் மரக் கிறுக்கு எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாலாற்றுக்குப் போகிற வழியில் அந்தக் கிணறு. லாரிகள் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கும். வரிசை நகருகிற வரைக்கும் டிரைவர்கள் நீங்கள் எல்லாரும் அங்கிருந்த பெரிய இலுப்பைக்குக் கீழேதான் சோறு தின்று, சீட்டாடி, தூங்கினீர்கள். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஒருநாள் காலையில் வந்தவர்கள் சாயங்காலத்துக்குள் மரத்தைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் நிழல் என்றால் லாரிக்கு அடியில்தான். அடியில் படுத்தால் ஆயில் சொட்டுகிறது, மேலே உட்கார்ந்தால் சட்டியில் வறுக்கிறது என்று நீ கடை வாசலில் வந்து நின்று புலம்பினாய். கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம் ஒன்று புடவையை விட்டுவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

புங்கன் வை, சீக்கிரம் நிழல் தரும் என்று நான் சொன்னேன். நாவல் வைத்தால் பழமாவது கிடைக்கும் என்றேன். நீ என்னை ஏதோ கலப்பட ஜரிகை விற்றவனைப் போலப் பார்த்தாய்.

“அங்க இருந்தது இலுப்பை. நான் சோறு துன்னது அதுங்கீழ. வேற மரம் எனக்கு எதுக்குபா?”

கிணற்றுக்காரரிடம் போய்க் கேட்டோம். அவர் விவசாயம் பாதி, அரசியல் பாதி. இரண்டு தேர்தலுக்கு ஒருமுறை வேட்டியில் கரை மாறும், மனுஷர் மாறமாட்டார். வைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆடியில்தான் நீ விதையோடு வந்தாய். திருமுக்கூடல் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு லோடு அடித்தபோது, ஒரு தோப்பில் வௌவால்கள் இலுப்பைப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை மட்டும் துப்பி வைத்திருந்தன என்று பை நிறைய அள்ளிவந்தாய். பழுப்பாக, பாலிஷ் போட்ட மாதிரி மின்னியது ஒவ்வொன்றும். உன் வீட்டில் கோழித் தொல்லை என்று பாதியை எங்களிடம் கொடுத்து, பின்கட்டில் போட்டுவிடச் சொன்னாய்.

உங்கள் வீட்டில் ஆடி என்றால் விதைப்பு. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஆடி என்றால் தள்ளுபடி விற்பனை, அதைத் தவிர வேறெதையும் தொடங்கமாட்டோம். புதுப் பாவு தறியில் ஏற்றுவது என்றாலே நாள் பார்க்கிற வீடு எங்களுடையது. என் அம்மா விதையைப் பார்த்தார். மரம் என்றால் குலம் தழைக்கிற சமாச்சாரம், ஆடியில் ஆரம்பிக்கலாமா, ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் போடலாம் என்று சொல்லி, பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சள் குங்குமம் இட்டு, பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். தினமும் விளக்கேற்றி அதற்கும் சேர்த்து ஒரு பூ வைத்தார். வௌவாலின் எச்சில் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த எனக்கோ வாயைத் திறக்கத் தைரியம் இல்லை.

ஆவணியில் நல்ல நாளில், நல்ல ஹோரையில், சூடம் காட்டி விதைத்தோம். புரட்டாசி வந்தது. ஒன்றும் முளைக்கவில்லை. நீ வந்து விரலால் மண்ணைக் கிளறி ஒன்றை எடுத்து, நகத்தால் பிளந்தாய். உள்ளே கறுத்துச் சுருங்கி இருந்தது.

“இன்னா பட்டு, கருவாட்ட வெதச்சிக்கினு கீறீங்க?”

இலுப்பை விதை காத்திருக்காது என்பதை அன்றைக்குத்தான் விளக்கிச் சொன்னாய். நெல் மாதிரி, அவரை மாதிரி அதைக் காயவைத்து மூட்டை கட்டி வைக்க முடியாது. உள்ளே எண்ணெயும் ஈரமும்தான் அதன் உயிர். பழம் விழுந்த சூட்டோடு கழுவி மண்ணில் போட்டுவிட வேண்டும். வாரங்கள் தள்ளினால் விளக்குக்குத்தான் ஆகும், மரத்துக்கு ஆகாது. அப்புறம் என் அம்மா பக்கம் திரும்பி, உங்கள் வீட்டில் குழந்தை பசித்து அழுதாலும் எமகண்டம் போன பிறகுதான் பால் கொடுப்பீர்களா என்று கேட்டாய். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. உனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்து, ஆடியில் உன்னைப் பெற்றார்களாக்கும், அதனால்தான் வாய் இவ்வளவு நீளம் என்று திருப்பிக் கொடுத்தார். உன் வீட்டில் நீ போட்ட பாதியைக் கோழிகள் ஏற்கெனவே கிளறித் தின்றிருந்தன.

ஆக, ஒரு வருஷம் போயிற்று. நாம் சிரித்துக்கொண்டே விட்ட வருஷம். அந்த வருஷம்தான் உன் கால் வீங்க ஆரம்பித்தது. சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது, கண்ணையும் பாதி தின்றுவிட்டது என்று சொல்லி டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். லாரியை விற்றாய். கிணற்றுக்காரரும் இரக்கமாகத்தான் பேசினார், ஆனாலும் இரக்கத்துக்குள் ஒரு கெடு வைத்தார். இன்னும் ஒரு கோடை பார்ப்பேன், அதற்குள் அங்கே மரம் என்று ஒன்று நின்று காட்டாவிட்டால் தகர ஷெட் போட்டு டீக்கடைக்கு விட்டுவிடுவேன் என்றார். நீ தலையாட்டினாய். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் உன் ரத்தத்தைப் பற்றிப் பேசமாட்டாய், அந்த ஷெட்டைப் பற்றித்தான் பேசுவாய்.

அடுத்த ஆடியில் விதை வந்த அன்றைக்கே விதைத்தோம். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு உத்தரவு போட்டாய், நானும், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவியும் வேலை செய்தோம். பால் கவரில் ஏரி வண்டல் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி ஒரு பங்கு. அடியில் ஓட்டை. கொட்டையை நிற்க வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும், மேலே விரல்கணு அளவுகூட மண் வேண்டாம். வெயில் நேராக அடிக்காத இடம். தினமும் தெளித்தால் போதும், குளிப்பாட்டக் கூடாது. ஆவணி பிறக்கும்போது வரிசையாகத் தலை நீட்டின. இலை செம்பு நிறத்தில் இருக்கிறதா என்று நீ கேட்டாய். இருக்கிறது என்றோம். என் அம்மா பார்க்க வந்து ஒவ்வொன்றுக்கும் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது நீ மறுபடி ஆஸ்பத்திரியில். நட்டுவிடு, காத்திருக்காதே என்று போனில் சொன்னாய். இலுப்பைக்கு ஆணிவேர் நீளம். பையைத் துளைத்துத் தரையில் இறங்கிவிட்டால் பிறகு எடுக்கும்போது வேர் அறுந்துவிடும், உள்ளேயே சுருண்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க மரம் நொண்டும் என்றாய். நான் உன் வீட்டு வாசலுக்குப் போய், இருந்ததிலேயே பெரிதாக, கொழுகொழுவென்று இருந்த ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வைத்தேன். பின்னால் அம்மா ஏறிக்கொண்டார். மழையில் நனையாதீர்கள் என்று சொன்னதற்கு, வௌவால் விஷயத்தை நான் மறைத்ததற்கு இது தண்டனை என்று சொன்னார். அவருக்கு அதை எப்போது யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. உன் வேலையாகத்தான் இருக்கும்.

குழி வெட்டி, பையின் அடியைக் கத்தியால் சுற்றி அறுத்து, மண் உதிராமல் இறக்கினேன். நடுவில் எனக்கு ஞாபகம் வந்தது, அது ராகு காலம். அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்:

“மழ நிக்கறதுக்குள்ள மண்ணத் தள்ளுடா.”

அந்த வாரம் உன் வாசலில் தண்ணீர் நின்று மிச்சப் பைகள் எல்லாம் அழுகிப்போயின. ஆக, நம் கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

வேலிக்கு என்ன செய்வது என்று யோசித்து, என் சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்த ஜக்கார்ட் அட்டைகளைக் கொண்டுபோனேன். ஓட்டை ஓட்டையாக, கயிற்றில் கோத்து, மாலை மாதிரி நீளமாக இருக்குமே, தறிக்கு மேலே சுற்றிக்கொண்டு எந்த இழை எழ வேண்டும் என்று சொல்கிற அட்டைகள். அதைச் செடியைச் சுற்றிக் கட்டினேன். கலைநயமாக இருந்தது. மறுநாள் போனால் ஒரு வெள்ளாடு பாதியைத் தின்றுவிட்டிருந்தது. உனக்குப் போன் செய்து, மயில் டிசைனைச் சாப்பிட்டுவிட்டது என்றேன். அடுத்த வாரம் குட்டி போட்டால் பார்டர் போட்டுத்தான் பிறக்கும் என்று நீ சிரித்தாய், சிரித்து, இருமி, போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாய். அப்புறம் முள்ளைக் கட்டினேன். ஆட்டுக்கு முள்ளில் டிசைன் தெரியவில்லை போலும், தொடவில்லை.

கோடை வந்தது. முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் இலுப்பை பிறகு யாரையும் கேட்காது என்று நீ சொல்லியிருந்தாய். கடை திறப்பதற்கு முன் கேன்களைக் கட்டிக்கொண்டு போவேன். மேலோடு தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், விட்டு விட்டு ஊற்றினாலும் ஆழமாக இறங்க வேண்டும் என்பது உன் கட்டளை.

ஒரு நாள், டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், ஆட்டோவை அங்கே விடச் சொல்லி நீயும் வந்துவிட்டாய். இறங்கவில்லை. இறங்கத் தெம்பு இல்லை. அங்கிருந்து செடி உனக்குப் பச்சையாக ஒரு கறைபோலத்தான் தெரிந்திருக்கும். மடியில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். ஊருக்கெல்லாம் லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினவனுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க அவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. நான் அவசரமாகக் கேனைக் கவிழ்த்தேன். கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

“மெதுவா ஊத்துபா. சத்தம் கேக்கட்டும்.”

மெதுவாக ஊற்றினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். கேனில் இருந்து மண்ணுக்குப் போகிற சத்தத்தை, அது நிற்கும் வரைக்கும், தொண்டை அசைய அசையக் கேட்டாய். இரண்டாவது கேன் இருக்கிறதா என்று கேட்டாய். இருந்தது. அன்றைக்குக் கடைக்கு லேட்டாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வைகாசியிலேயே நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் முடித்துவிட்டு, நண்பர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். இருபது வருஷ மேடைப் பழக்கம் முந்திக்கொண்டது. வாழ்நாளெல்லாம் லோடு அடித்தவன் இன்றைக்குத்தான் காலி வண்டியாகப் போகிறான் என்றேன். கூட்டம் சிரித்துவிட்டது. உன் டிரைவர் நண்பர்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள். பாதிரியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். நான் மட்டும்தான் இரண்டும் செய்யவில்லை. பெட்டியை இறக்குகிற கயிறு யாரிடம் வாடகைக்கு வாங்கியது, திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். உன் மச்சான் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறான், கல் மனசுக்காரன் என்று. கல்லுக்காவது வெயில் உறைக்கும்.

மறுநாள் காலையில் கேன்களைக் கட்டிக்கொண்டு போனேன். அதற்கு மறுநாளும். கிணற்றுக்காரரின் கெடு முடிந்தபோது செடி என் இடுப்பளவு நின்றது. அவர் வந்து பார்த்தார். முள்ளைத் தன் கையாலேயே சரிசெய்துவிட்டு, ஷெட்டைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று உனக்குப் போன் செய்யக் கை போனது. நம்பரை வெறுமனே பார்த்துவிட்டுப் போனைப் பையில் வைத்தேன்.

இப்போது நல்ல அடர்த்தியான நிழல். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், மூன்றாவது ஆள் காலை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். டிரைவர்கள் அதை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். புதிதாக வருகிற பையன்கள் அது யாரோ சாமியின் பெயர் என்று நினைத்து, சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறார்கள். இன்னொரு பெருமையும் உண்டு. ஊரில் உள்ள இலுப்பை எல்லாம் மாசியில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். நம்முடையது ஒரு வருஷம்கூட உதிர்த்ததில்லை. நான் ஊற்றின தண்ணீரின் மகிமை என்று இரண்டு மேடைகளில் பேசியும் விட்டேன்.

எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். எங்கே தண்ணீர் ஊற்றினாலும் மெதுவாக ஊற்றுகிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கு டம்ளரில், சாமிக்குச் செம்பில், குளிக்கும்போது என் தலையிலேயே. சத்தம் நிற்கும் வரைக்கும் அசையாமல் நிற்கிறேன். வீட்டில் இதற்கும் அப்பப்ப இப்படித்தான் என்கிறார்கள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. கேட்டு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

போன வாரம் நம் மரம் முதல் காய் விட்டிருக்கிறது. உருண்டையாக, பழுப்பாக, மேலே தவிடு தூவின மாதிரி. தங்கச்சியை அழைத்துப் போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நாம் பால் கவரில் இலுப்பை விதைத்ததற்கு முந்தின வருஷம் ஏதோ பழம் தின்றுவிட்டு ஒரு கொட்டையைத் தானும் ஒரு பால் கவரில் ஊன்றி, பிறகு அதையும் நம் இலுப்பைப் பைகளின் வரிசையிலேயே வைத்திருந்ததாகச் சொன்னாள். சப்போட்டா.